பதினான்காம் நம்பர் கேன்

மூடியை முழுதாகத் திறப்பதற்கு முன்பே வசந்தா முகத்தைச் சுளித்துவிட்டாள்.

"சார், இந்த மாசமும் போச்சு."

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. ஏழரை மணிக்கே வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. வேனிலிருந்து இறக்கிய பால் கேன்கள் ஈரத் தரையில் வரிசையாக நின்றன. மற்ற ஊர்க் கேன்களைத் திறந்தால், கறந்த பாலுக்கே உரிய அந்த வெதுவெதுப்பான மணம், கொஞ்சம் மாட்டு வாசனையோடு வரும். ஏஜென்ட் ஏழுமலையின் கேன்களைத் திறந்தால் புளிப்புதான் மூக்கில் ஏறியது.

வசந்தா எங்கள் பால் குளிரூட்டும் நிலையத்தின் டெஸ்டர். பி.எஸ்ஸி. முடித்து நேராக எங்களிடம் வேலைக்கு வந்தவள். ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் பாலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டுவாள். நல்ல பால் பொங்கும். கெட்ட பால் திப்பி திப்பியாகப் பிரிந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இதில் வாதத்துக்கே இடமில்லை.

"ஆறு கேன்ல அஞ்சு திரிஞ்சுடுச்சு சார். பதினாலாம் நம்பர் மட்டும் நல்லா இருக்கு."

"ஒரு கேன் நல்ல பாலைக் கண்ணுல காட்டிட்டா நாம ஏமாந்துடுவோம்னு நெனைக்கிறான்," என்றேன்.

"கண்ணுல காட்டணும்னா முன்னாடி இல்ல சார் வெச்சிருக்கணும்? இது கடைசியா இறக்கினது."

"நீ எழுதும்மா."

எழுதினாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து மட்டும் எனக்கு எப்போதும் அழகாக வரும்.

சென்ற வாரம் கம்ப்ரசர் கதையைப் படித்துவிட்டு, "உங்களைப் போல ஒரு மூளைக்காரர் எங்கள் ஆபீசில் இல்லையே" என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். படிக்கப் படிக்கக் கூச்சமாக இருந்தது. அதே மூளை செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிட்டால்தான் கணக்கு நேராகும். இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் இத்தனை வாரம் கடத்திவிட்டேன்.

சி.ஐ.டி. ஆபீசர்

சென்ற வாரம் படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. தனியார் பால் கம்பெனிகள் மழைக்குப் பின் காளான் மாதிரி முளைத்த வருஷங்கள் அவை. அப்படி முளைத்த ஒன்று, கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில் ஒரு குளிரூட்டும் நிலையம் வைத்திருந்தது. பேர் வேண்டாம். அந்த நிலையத்துக்கு நான் பொறுப்பாளர். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கேன்களில் பால் வரும். சோதித்து, குளிர வைத்து, டேங்கரில் சென்னைக்கு அனுப்புவோம்.

அங்கே கம்ப்ரசர் தினம் மத்தியானம் மூன்று மணிக்கு நின்றுபோகும். மூன்று மெக்கானிக்குகள் வந்து கழற்றி மாட்டிவிட்டுப் போனார்கள். நான் ஒரு நாற்காலியை எடுத்துப்போட்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குப் பக்கத்துக் களத்தில் கடலை உடைக்கிற மிஷினைப் போடும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் எங்கள் கம்ப்ரசர் படுத்துவிட்டது. கோளாறு மிஷினில் இல்லை, வருகிற கரண்டில் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதிலிருந்து எனக்கு 'சி.ஐ.டி. ஆபீசர்' என்று பேர். நானும் அதைப் பெருமையாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் விசாரணைக் கமிஷன் வைப்பேன். "கரண்டி சிங்க்ல கெடக்குதுங்க. நீங்க போய் சாப்பிட உக்காருங்க," என்பாள் என் மனைவி.

கம்ப்ரசர் விஷயத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்து பார்த்ததுதான். ஆனால் ஒரு தடவை ஜெயித்தவனுக்கு அதுதான் முதலில் மறந்துபோகிறது.

பௌர்ணமி வந்த வழி

நான் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் இத்தனை பேர் இல்லை. உள்ளூர்க்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், சில சாமியார்கள், அவ்வளவுதான். சில வருஷங்களில் எங்கிருந்துதான் கிளம்பினார்களோ! பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். லாட்ஜுகள் எழும்பின. எங்கள் ஊரில் காலண்டர் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பௌர்ணமி எந்தத் தேதி என்று பார்க்கிற வழக்கம் அப்படித்தான் வந்தது.

சுற்றுப்பாதை நெடுக டீக்கடைகள். பௌர்ணமி மத்தியானத்திலிருந்து மறுநாள் காலை கூட்டம் கலைகிற வரை அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். டீக்கடைக்காரர்கள் பாலுக்குப் பறப்பார்கள்.

ஏழுமலையின் ஊர் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் அந்தப் பாதையை ஒட்டி இருந்தது. அந்த ஊருக்கு அவர்தான் எங்கள் பால் ஏஜென்ட். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊர்க்காரர்கள் காலையில் கொண்டுவருகிற பாலை அளந்து வாங்கி, கேனில் ஊற்றி, எங்கள் வேனில் ஏற்றுவார். அப்போது நான் அவரை 'அவன்' என்றுதான் சொல்வேன். இப்போது எழுதும்போது கை தானாகவே 'அவர்' என்று போடுகிறது. காலம் கடந்த மரியாதை.

இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வருஷம் முன்பு வேறொரு ஊரில், காலி கேனிலேயே நாலைந்து செம்பு தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு மேலே பாலை ஊற்றியதைப் பிடித்தோம். உடனே நான் ஒரு உத்தரவு போட்டேன். எங்கள் நிலையத்தில் கழுவிய காலி கேன்களை மூடி இறுக்கித்தான் அனுப்ப வேண்டும். பால் ஊற்றுகிற நேரம் வரை எந்த ஏஜென்டும் மூடியைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் நம்பர் போட்ட கேன், ஒரு ஊர்க் கேன் இன்னொரு ஊருக்குப் போகக் கூடாது. எல்லா ஏஜென்டிடமும் கையெழுத்து வாங்கினேன். அதையும் ஒரு சாமர்த்தியமாகவே நினைத்தேன்.

எனக்குப் பிடித்துப்போன பதில்

முதல் மாதம் ஏழுமலையின் பால் திரிந்தபோது வெயில் என்று விட்டுவிட்டோம். இரண்டாம் மாதமும் பௌர்ணமிக்கு மறுநாள். அப்போதே என் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் மாதம், மேலே சொன்ன அந்தக் காலையில், முடிவுக்கே வந்துவிட்டேன்.

என் கண்டுபிடிப்பு இதுதான். பௌர்ணமிக்கு மறுநாள் காலை டீக்கடைகளுக்குப் பால் வேண்டும். ஏழுமலை புதுப்பாலை அவர்களுக்கு விற்றுவிடுகிறார். முந்தின நாள் சாயங்காலம் கறந்து வைத்த பழைய பாலை நமக்கு அனுப்புகிறார். பழைய பால் புளிக்காமல் என்ன செய்யும்?

எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். நாள் பொருந்துகிறது. புளிப்பு பொருந்துகிறது. அதுவும் போதாதென்று ஏழுமலையின் மச்சான் அந்தப் பாதையில் டீக்கடை வைத்திருந்தார். இதைக் கேள்விப்பட்டதும் எனக்கு உட்கார முடியவில்லை. மேஜையைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

வசந்தா மட்டும் தயங்கினாள்.

"ராத்திரி முழுக்க வெச்ச பால்னா அவர் ஊர்ல யாரோ ஒருத்தராவது சாயங்காலம் அவருக்குப் பால் ஊத்தியிருக்கணும் சார். நம்ம அந்த ஊர்ல காலைப் பால் மட்டும்தானே எடுக்கறோம். யார் ஊத்தினாங்கன்னு விசாரிச்சா தெரிஞ்சுடும்."

"ஊர் முழுக்க அவன் சொந்தக்காரங்க. சொல்லுவாங்களா?"

"அப்போ அந்தப் பதினாலாம் நம்பர் கேன்?"

"அந்தக் கேனையே கண்டம் பண்ணி ஒதுக்கணும்னு எழுதி வெச்சிருக்கேன். மூடி நசுங்கி சரியா உக்கார மாட்டேங்குது. அதைப் போய் பெருசா பேசறே."

அவள் கண்ணாடிக் குழாய்களைக் கழுவப் போய்விட்டாள். இருபத்திரண்டு வயதுப் பெண். என் அனுபவம் அவள் வயது என்று நான் சொன்னதாகவும் ஞாபகம். சொன்னேனா, நினைத்தேனா என்று இப்போது நிச்சயமில்லை.

வேன் டிரைவர் காதர் பாயையும் கூப்பிட்டு விசாரித்தேன். விசாரிக்காமல் ஒருவனைக் குற்றம் சொல்லக் கூடாது அல்லவா!

"பாய், பௌர்ணமிக்கு மறுநாள் வண்டி லேட்டா?"

"இல்ல சார். டைமுக்கு வந்துட்றேன். ரெஜிஸ்டர் பாருங்க."

பார்த்தேன். உண்மைதான். அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை. நான் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். நான் கேட்டதுதான் அவ்வளவு கம்மி.

தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். எனக்கு அந்தத் 'தீர' என்பது ஒரே கேள்வியோடு தீர்ந்துபோனது.

ஊர் நடுவில்

மறுநாள் காலை ஆறு மணிக்கு நானே மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன். ஒரு புங்க மரத்தடியில் மேஜை போட்டு ஏழுமலை பால் அளந்துகொண்டிருந்தார். நாற்பது பேராவது இருப்பார்கள். தூக்குகள், குண்டான்கள், சைக்கிளில் தொங்கும் பெரிய பாத்திரங்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். வேண்டுமென்றேதான் எல்லோர் முன்னாலும் பேசினேன். மற்றவர்களுக்கும் ஒரு பாடமாக இருக்கட்டும் என்ற எண்ணம்.

"உங்க பாலையெல்லாம் இவர் எங்க விக்கறாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

சொல்லி முடித்தபோது ஏழுமலையின் கையில் அளவுக் குவளை. அதிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார், சத்தியமா இல்ல சார். ஒரு சொட்டு வெளியில குடுக்கல."

"அப்புறம் பால் எப்படிப்பா புளிக்குது? பௌர்ணமி பாத்து தானா புளிக்குதா?"

"எனக்குத் தெரியல சார். அன்னைக்கு மட்டும் காலி கேனைத் தெறக்கறப்பவே ஒரு வாடை வருது. கேன்ல இன்னாமோ இருக்குது சார். நீங்க ஒரு தபா வந்து பாருங்க."

நான் சிரித்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவருக்குக் கேன் கோணலாம்!"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் நல்ல நகைச்சுவை சொன்னதாகவே அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே ஏஜென்சியைப் பறித்தோம். லாக்டோமீட்டரையும் அளவுக் குவளைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு அவரே எங்கள் நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றையும் கழுவித் துடைத்திருந்தார். வசந்தாதான் வாங்கி வைத்தாள். நான் உள்ளே ஏதோ போனில் பேசுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இவரும்தானா?

அடுத்த பௌர்ணமி வந்தது. புது ஏஜென்ட், வேறு தெருக்காரர். அவருக்கும் ஏழுமலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. டீக்கடை மச்சானும் கிடையாது. மறுநாள் காலை கேன்கள் வந்தன. ஆறில் ஐந்து திரிந்துபோயிருந்தது.

வசந்தா கண்ணாடிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இவரும் திருடன்தானா சார்?"

கோபம் தலைக்கு ஏறியது. அவளைத் திட்டவும் திட்டினேன். ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

நான்கு பௌர்ணமி. நான்கு பக்கம். வசந்தாவின் குட்டிக் குட்டி எழுத்தில் நான்கு இடத்திலும் ஒரே வரி: 'கேன் 14 – நல்லது.' ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து.

ஏஜென்ட் மாறியிருக்கிறார், கேன் மாறவில்லை. திருடுகிறவன் மாதாமாதம் ஏன் அதே நசுங்கின கேனில் நல்ல பாலை ஊற்ற வேண்டும்? இதைக் கேட்க எந்தப் படிப்பும் வேண்டாம். வசந்தா கேட்டாள். நான் அவளை எழுதச் சொன்னேன், யோசிக்கச் சொல்லவில்லை.

காதர் பாயைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். இந்தத் தடவை, "அன்னைக்கு என்னென்ன பண்ணுவீங்க, ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க," என்றேன்.

"தெனம் காலைல போகச் சொல்ல காலி கேனை எறக்கிட்டுப் போவேன் சார். திரும்பி வரச் சொல்ல பால் கேனை ஏத்திக்கினு வருவேன். பௌர்ணமிக்கு மறுநாள் அந்த ரோட்ல வுட மாட்டாங்க இல்ல? அதனால மொத நாளே மறுநாளுக்கான காலி கேனையும் சேத்து எறக்கிடுவேன். ஏஜென்ட் பாலை ஊத்தி, மாட்டு வண்டியில வயக்காட்டு வழியா மெயின் ரோட்டுக்குக் கொண்டாந்துடுவாரு. டைமுக்கு ஏத்திடுவேன். பாவம், ஏழுமலை ஒரு நாள் கூட லேட் பண்ணதில்ல."

"இதை ஏன் பாய் என்கிட்ட சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது சார்? ஒருத்தருக்கொருத்தர் அட்ஜஸ்ட் பண்ணிக்கினோம். வேலை நடந்துச்சு. ஆபீசுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு வுட்டுட்டோம்."

நம் ஊரில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது. யாருக்கும் தெரியாமல் இரண்டு நல்லவர்கள் சேர்ந்து சமாளித்துவிடுவார்கள். சமாளித்தது தெரியாததால் கோளாறும் தெரியாது.

வசந்தா அன்றைக்கே நான்கு கேன்களைக் கழுவச் சொன்னாள். இரண்டை என் உத்தரவுப்படி ஈரத்தோடு இறுக மூடினாள். இரண்டைத் திறந்து கவிழ்த்து வைத்தாள். ஒரு நாள் முழுக்கக் கொட்டகையில் கிடந்தன. மறுநாள் நான்கிலும் ஒரே பாலை ஊற்றி இரண்டு மணி நேரம் விட்டோம். மூடி வைத்த கேன்களில் பால் திரிந்தது. கவிழ்த்து வைத்தவற்றில் பொங்கியது.

பூட்டிய ஈரம் ஒரு பகலும் ஓர் இரவும் புழுங்கினால் கேன் உள்ளே கெட்டுப்போகிறது. பதினான்காம் நம்பர் கேனில் மூடி சரியாக உட்காராததால் காற்றுப்பட்டுக் காய்ந்துவிட்டது. மற்ற ஐந்தும் என் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தன. ஏழுமலையும் கீழ்ப்படிந்தார். ஒரு தடவை அவர் முதல் நாளே மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்திருந்தால் பால் கெட்டிருக்காது. திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியவன் நான்.

நான்கு கேன், ஒரு நாள். இதைச் செய்ய எனக்கு நேரமில்லாமல் போனதா? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். எனக்கு அந்த மரத்தடியில் திருடன்தான் தெரிந்தான்.

கைதட்டல்

காலி கேன்களைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும் என்று புது உத்தரவு போட்டேன். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பால் ஒரு பௌர்ணமிக்கும் திரியவில்லை.

ஏழுமலையின் விஷயத்தைச் சென்னையில் இருந்த மேனேஜரிடம் போனில் சொன்னேன். "அந்தப் பழைய ஏஜென்ட் மேல தப்பு இல்ல சார். ஊர்ல போய் சொல்லிடலாம்னு பாக்கறேன்."

"எதுக்குங்க கெளர்றீங்க? தப்பு நம்மதுன்னு சொன்னா மத்த ஏஜென்டெல்லாம் தலைமேல ஏறிடுவாங்க. புது ஆள் வேற போட்டாச்சு. விடுங்க."

மேனேஜர் தடுத்துவிட்டார் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர் விடுங்க என்றதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த மரத்தடிக்குப் போக ஏழு கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். யாரும் என் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து சென்னையில் அதிகாரிகளுக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. வேலையிடத்துச் சிக்கல்களை ஆராய்ந்து தீர்ப்பது எப்படி என்று பாடம். ஏ.சி. ஹால், பிஸ்கட், திரையில் வெளிச்சம் போட்டுக் காட்டுகிற தாள்கள். 'யார் என்று கேட்காதே, ஏன் என்று கேள்' என்று ஒரு தாளில் இருந்தது. பாடம் நடத்தியவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, கேன் கதையைச் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். நசுங்கின கேனில் மட்டும் பால் நல்லா இருந்தது என்ற இடத்தில் ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது. வசந்தாவின் பேர் அந்தக் கதையில் வரவில்லை. மரத்தடியும் வரவில்லை. கைதட்டல் அடங்கினதும் பின்வரிசையில் ஒரு வயதானவர் எழுந்தார்.

"முதல்ல ஒரு ஏஜென்டைச் சந்தேகப்பட்டதா சொன்னீங்களே, அவர் என்ன ஆனார்?"

"அவர் வேற தொழிலுக்குப் போயிட்டார்," என்றேன்.

பொய் இல்லை. ஏழுமலை பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். மாட்டை விற்றுவிட்டுப் போனார் என்று காதர் பாய் சொல்லியிருந்தார். கேள்வி கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். மறு வருஷம் பதவி உயர்வு கொடுத்து வேலூருக்கு மாற்றினார்கள்.

எட்டு வருஷம்

வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கே திரும்பிய பிறகு ஒரு நாள் பாத்திரக் கடையில் வசந்தாவைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாளாம். கூடவே ஒன்றாவது படிக்கிற பெண் குழந்தை. என் உடம்பை விசாரித்தாள், வீட்டை விசாரித்தாள். கிளம்பும்போது, "ஏழுமலையைப் போய்ப் பாத்தீங்களா சார்?" என்றாள். குத்திக் காட்டுகிற தொனி இல்லை. போயிருப்பேன் என்று நம்பித்தான் கேட்டாள்.

அடுத்த நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் போனேன். அவர் பெங்களூரிலிருந்து திரும்பி இரண்டு மாடு வைத்துக்கொண்டிருந்தார். கட்டட வேலையில் ஒரு தோள் சாய்ந்துபோயிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க சார்," என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

சொல்லிவிட்டேன். கேன், ஈரம், மூடி, என் உத்தரவு, எல்லாவற்றையும். "என்னை மன்னிச்சுடு ஏழுமலை," என்றேன்.

"எனக்குத் தெரியும் சார்," என்றார்.

"எப்படி?"

"காலி கேனைக் கவுத்து வைக்கணும்னு நீங்க உத்தரவு போட்டீங்க இல்ல, அன்னைக்கே காதர் பாய் வந்து சொல்லிட்டாரு. பெங்களூர் போறதுக்கு மேஸ்திரி கூப்ட்டுக்கினே இருந்தாரு. நான் ஒரு மாசம் போகல சார். நீங்க வருவீங்கன்னு இருந்தேன்."

நான் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

"அன்னைக்கு அந்தக் கூட்டத்துல எங்கப்பாவும் நின்னுக்கினு இருந்தாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. போன வருஷம்தான் காலமானாரு. அது வரைக்கும், 'நீ அப்பிடி செஞ்சியாடா'ன்னு ஒரு வார்த்தை என்னைக் கேக்கல சார். கேட்டிருந்தா இல்லப்பான்னு சொல்லியிருப்பேன். ஆபீசரே வந்து சொல்லிட்டாரு, இதுக்கு மேல இன்னா கேக்கறதுன்னு வுட்டுட்டாரு."

"ஏழுமலை..."

"நீங்களும் கேக்கல, அவரும் கேக்கல."

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டினால் தாங்கியிருப்பேன். மறுபடி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? நான் திருடலன்னு எனக்குத் தெரியாதா? யார் கிட்ட சொன்னீங்களோ, அவங்க கிட்ட போய் சொல்லுங்க. இப்போ சாயங்காலப் பாலும் எடுக்கறாங்க. அஞ்சு மணிக்கு மரத்தாண்ட வருவாங்க."

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார்.

ஐந்து மணிக்கு மரத்தடியில் போய் நின்றேன். ஏஜென்ட் மூன்றாவது ஆள், வேறு கம்பெனி. பதினைந்து பேர் இருந்தார்கள். பாதி முகம் எனக்குத் தெரியவில்லை. அன்று நின்றவர்களில் எத்தனை பேர் பெங்களூருக்குப் போனார்கள், எத்தனை பேர் இல்லாமலே போனார்கள் என்று யாரிடம் கேட்பது? ஏழுமலை வரவில்லை.

நான் யார் என்று சொன்னேன். அன்றைக்கு இதே இடத்தில் நான் சொன்னது தப்பு, ஏழுமலை ஒரு சொட்டுப் பாலை விற்கவில்லை, ஈரத்தோடு மூடிய எங்கள் கேனால்தான் பால் புளித்தது, தப்பு முழுக்க என்னுடையது என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டு இளைஞர்கள், "யாரு, எந்தப் பாலு?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரிசையில் முன்னால் நின்ற ஒரு நடுவயதுப் பெண்மணி மட்டும் தூக்கைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அது கேனால வந்ததுன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"அடுத்த மாசமே தெரிஞ்சுடுச்சும்மா."

"இது நடந்து எட்டு வருஷம் இருக்குமே?"

"ஆமாம்மா."

அவர் குனிந்து தூக்கை எடுத்தார்.

"நவுருங்க சார். பால் ஊத்தணும்."

நகர்ந்து நின்றேன்.